வசுமதி அழமாட்டாள், அத்தை

இன்று காலை கூடுவாஞ்சேரிக்குப் போகும் ரயிலில், பெண்கள் பெட்டியில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்திலிருந்த அம்மாள் முழங்காலுக்கு நீலகிரித் தைலம் தடவிக்கொண்டு வந்திருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என்னை அறியாமல் திரும்பி, "இன்னிக்கும் வலிக்குதா அத்தை?" என்று கேட்கப் போய், வாயை மூடிக்கொண்டேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. கைப்பேசியில் எதையோ படித்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். வண்டலூர் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். நான் எழுதுகிற தொடர்கதை. அதிலும் மாமியார் சாகிற அத்தியாயம்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே பேச ஆரம்பித்தார். "இந்த வசுமதி இருக்கறாளே, படுபாவி. மாமியார்க்காரி மூச்சுக்குத் தவிச்சிகினு கீது, இவ நெயில் பாலிஷ் காயட்டும்னு வெரல ஊதிகினு உக்காந்துகீறா. பாவமாவும் கீது, சிரிப்பாவும் வருது. கடைசில இவளுக்கு நல்லா ஆப்பு வெக்கணும்."

எழுதியவள் நான்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "கடைசி அத்தியாயம் வந்திடுச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்கம்மா? ஆறு மாசமா வரல. எழுதறவங்களுக்கு இன்னா கஷ்டமோ."

கஷ்டம் நீங்கள்தான், அத்தை. நீங்கள் போய் ஆறு மாதமாகிறது. வசுமதியும் ஆறு மாதமாக, மாமியாரைச் சாகவிட்டுக் காரியமும் முடித்த கையோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். அவளை அழ வைப்பதா, மாட்டிவிடுவதா, விட்டுவிடுவதா என்று தெரியாமல் நான் திண்டாடுகிறேன்.

நான் கதை எழுத ஆரம்பித்த புதிதில் என் கதாநாயகிகள் எல்லோரும் உத்தமிகள். உங்களுக்கு நினைவிருக்கும். கண்புரை ஆபரேஷன் முடிந்து, கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க நீங்கள் பழகிக்கொண்டிருந்த சமயம். மருமகள் ஏதோ எழுதுகிறாளாமே என்று என் கதையைத் திறந்து படித்தீர்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பொண்ணு நல்லவதான். ஆனா ரெண்டாவது பக்கத்துல எனக்குக் கொட்டாவி வந்துடுச்சி" என்றீர்கள். ரிட்டயர் ஆகும்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர் நீங்கள். "லைன்ல எவ்வளவு பேச்சு காதுல விழுந்திருக்கு தெரியுமா? நல்லவங்க பேசும்போது நாங்க ஒருத்தரும் ஒட்டுக் கேட்டதில்ல" என்றும் சேர்த்துக்கொண்டீர்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த எரிச்சல் ஆறுவதற்குள் அடுத்தது. நான் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை எல்லாம் நீங்கள் எடுத்து மறுபடி கழுவினீர்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். கல்யாணமாகி மாடம்பாக்கம் வந்த நாளிலிருந்து நமக்குள் அப்படித்தான் இருந்தது. ஒரே சமையலறையில் இரண்டு பேர், பேசிக்கொள்ள எதுவுமில்லாமல். அன்று மதியம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வசுமதியை எழுத ஆரம்பித்தேன். சேலையூரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். பொய் சொல்வாள், பொறாமைப்படுவாள், வாடிக்கையாளர்களின் முதுகுக்குப் பின்னால் பழித்துக் காட்டுவாள். குளிக்கிற நேரம் பார்த்து மோட்டாரை நிறுத்தும் வீட்டுச் சொந்தக்காரரைத் தீர்த்துக் கட்டிவிட்டு, அதே கையோடு கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்யப் போவாள்.

வாசகர்கள் பொங்கி எழுந்தார்கள். கதைக்குக் கீழே கருத்துகள் வந்து விழுந்தபடி இருந்தன. இவள் ஒரு பெண்ணா என்றார்கள். பெண்ணே பெண்ணை இப்படிக் காட்டலாமா என்றார்கள். இவளிடம் ஒரு நல்ல குணம்கூடக் கிடையாதா, ஒரு நாய்க்குட்டியையாவது வளர்க்கக் கூடாதா என்று ஒருவர் கெஞ்சியிருந்தார். ஆனால் திட்டியவர்கள் அத்தனை பேரும் அடுத்த வாரம் தவறாமல் வந்தார்கள். நான் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன், நீங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிப்பீர்கள். நாய்க்குட்டி கேட்டவரிடம் நீங்கள் உங்கள் பெயரிலேயே சண்டைக்குப் போனீர்கள். "கொலை பண்றவளுக்கு நாயைக் குளிப்பாட்ட நேரம் ஏது சார்?" என்று நீங்கள் போட்ட பதிலுக்கு எத்தனை பேர் கைதட்டினார்கள்! அன்று நாம் இருவரும் சிரித்த சிரிப்பில், என்னமோ ஏதோ என்று உங்கள் மகன் குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடி வந்தார். நமக்குள் பேச்சு என்ற ஒன்று வந்ததே, முகம் தெரியாத அந்த வாசகர்களால்தான்.

பிறகுதான் வசுமதியின் மாமியார் கதைக்குள் வந்தாள். மருமகள் கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுகிற மாமியார். யாரை வைத்து எழுதினேன் என்பது ஊருக்கே தெரியும். கீழ்வீட்டு ராஜி அக்கா உங்களிடம் நேராகவே, "அத்தை, அது நீங்கதானே?" என்று கேட்டுவிட்டார். காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி என் கையில் அப்படியே நின்றது. "நானா? சேச்சே, நான் அவ்வளவு நல்லவ இல்ல" என்றீர்கள், சிரிக்காமல். அவர் போன பிறகு என்னிடம், "உன் கதையில வர்ற அந்த அம்மாவுக்கு வாய் பத்தாது. ரெண்டு பேச்சு சேர்த்துப் போடு" என்றீர்கள். போட்டேன். அவள் பேசுகிற நல்ல வசனங்களில் பாதி உங்களுடையவை.

அவள் சாகிற அத்தியாயம் வெளியான அன்று உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் மொட்டை மாடிக்குப் போய்த் துணி எடுத்தேன். காயாத துணியை எல்லாம் எடுத்தேன். கீழே வந்தபோது நீங்கள் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தீர்கள். "நெயில் பாலிஷ் நல்லாருக்கு. என்ன கலர்னு எழுதலியே நீ?" என்றீர்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வார அத்தியாயத்தில் பதினாறாம் நாள் காரியம். வசுமதி வைத்த படையலைக் காகம் தொட மறுக்கிறது என்று எழுதியிருந்தேன். வாசகர்களுக்கு ஏக மகிழ்ச்சி, காக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று குதித்தார்கள். நீங்கள் மட்டும் உதட்டைப் பிதுக்கினீர்கள். "பசிச்ச காக்கா எவ வெச்சாலும் சாப்பிடும். கோவத்துல யாராவது வடையை விடுவாங்களா?"

குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் உங்களுக்கு வசுமதியின் கவலைதான். இதயம் பலவீனமாகிவிட்டது, பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யார் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்? மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, "கடைசில என்ன பண்ணப் போற அவளை?" என்றீர்கள். "எல்லாரும் அவ திருந்தணும்ங்கறாங்க அத்தை. மாமியார் போட்டோ முன்னாடி உக்காந்து அழற மாதிரி எழுதலாமான்னு பாக்கறேன்" என்றேன். நீங்கள் வேண்டாம் என்று தலையை ஆட்டினீர்கள். மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னீர்கள். "அழ வெச்சிடாதடி. அவ அழுதா நான் செத்தது வீணாயிடும்."

நான். அந்த ஒரு சொல்லை நீங்கள் யோசித்துச் சொன்னீர்களா, வாய் தவறி வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி அத்தை, அழ மாட்டா" என்றேன். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார். அதற்கப்புறம் நீங்கள் பேசவில்லை.

உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் என் கண்ணையே பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் என் வாசகர்கள். ராஜி அக்கா என் தோளை அணைத்துக்கொண்டு, "அழுதுடும்மா, அழுதுடு" என்று காதில் சொன்னார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கு அது மிரட்டுவதுபோல் கேட்டது. விரலை மடக்கி நகத்தை மறைத்துக்கொண்டேன். நான் நகப்பூச்சே போடுகிறவள் இல்லை.

மூன்றாம் நாள், தொடரைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பதாக அறிவிப்புப் போட்டேன். என் மாமியார் காலமாகிவிட்டார், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டே வரி. அரை மணி நேரத்தில் பதில்கள் வந்து குவிந்தன. எல்லாம் சிரிப்பு. கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள், வரிசை வரிசையாக. 'வசுமதி வேலையைக் காட்டிட்டாளா!' என்று ஒருவர். 'நெயில் பாலிஷ் காஞ்சுதா மேடம்?' என்று இன்னொருவர். கதைக்கு விளம்பரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் பாவம். யார்மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தது, அத்தை. சத்தியமாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "இதக் கேளுங்களேன்" என்று கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு உங்கள் நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அதில் துவைத்த துணி குவிந்திருந்தது. நீங்கள் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் மொட்டை மாடியில் இலை போட்டு எல்லாம் வைத்தாயிற்று. காகம் வரவில்லை. உங்கள் மகன் தொண்டை வறளக் கூப்பிட்டார். நான் கூப்பிட்டேன். கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்ற அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கதையில வந்த மாதிரியே..." என்று யாரோ ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். படித்தவள், வேலைக்குப் போகிறவள், காக்காவுக்குப் பயந்து நின்றேன். உங்களுக்கு என்மேல் கோபம் இருக்கிறது என்றே நம்பினேன்.

பக்கத்து மனையில் அன்று தண்ணீருக்கு போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் மனிதர்களே நிற்க முடியாது, காகம் எப்படி வரும்? உங்கள் மகனுக்குத்தான் அது முதலில் உறைத்தது. மாடியிலிருந்து எட்டி, கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். "இன்னா சார், காக்காவுக்கோசரம் மிஷின நிறுத்தணுமா?" என்றான் கீழே இருந்தவன். மேலே நிற்கிற கூட்டத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "சாவு வூட்டு காரியமா? அத்த மொதல்லயே சொல்லக்கூடாதா நீ" என்று அணைத்தான். சத்தம் அடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. சோற்றைத் தொடவில்லை. வடையைக் கவ்விக்கொண்டு போயிற்று. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு மட்டும் பயம் முழுதாகப் போகவில்லை.

போகாததன் காரணம் எனக்குத் தெரியும். எதைப் பற்றியும் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று என்னால் ஊகித்துவிட முடிகிறது. சாம்பார் வைத்தால், புடவை எடுத்தால், ஒரு வரி எழுதினால், உங்கள் குரல் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. அந்த அத்தியாயத்தைப் படித்தபோது உங்களுக்கு வலித்ததா என்பதற்கு மட்டும் பதில் வருவதில்லை. நகப்பூச்சின் நிறத்தைக் கேட்டீர்களே, அது ரசித்துக் கேட்டதா, வலியை மறைத்துக் கேட்டதா? நான் கேட்டிருந்தால் நீங்கள் கிண்டலாக எதையாவது சொல்லித் தட்டிவிட்டிருப்பீர்கள். தட்டிவிடுகிற தோரணையிலாவது எனக்குத் தெரிந்திருக்கும்.

போன வாரம் கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்தேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் எழுதியிருந்தேன். வசுமதி மாமியாரின் படத்துக்கு முன்னால் உட்காருகிறாள், முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள், மன்னித்துவிடுங்கள் அத்தை என்கிறாள். நான் எழுதியதிலேயே நல்ல பத்தி அதுதான் என்று நினைத்தேன். வாசகர்கள் கொண்டாடியிருப்பார்கள். ரயிலில் சிரித்த அம்மாளுக்கும் மனசு ஆறியிருக்கும். இன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைத் திறந்து, நீங்கள் படிப்பதுபோல் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். அந்தக் குரல் வசுமதியுடையது இல்லை. அவள் வாழ்நாளில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டவள் இல்லை, கேட்கவும் மாட்டாள்.

பத்தியை அவளிடமிருந்து எடுத்துவிட்டேன். இப்போது அவள் மாட்டிக்கொள்ளவும் இல்லை, திருந்தவும் இல்லை. மறுநாள் காலை பார்லரைத் திறந்து, முதலில் வந்தவளின் புருவத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறாள். அதோடு கதை முடிகிறது. நாளைக்கு வெளியாகும். திட்டுவார்கள். நீங்கள் கேட்டபடியே முடித்திருக்கிறேன்.

எடுத்த பத்தியை அழித்துவிட மனசு வரவில்லை. அதைத்தான் இவ்வளவு நேரமாக உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், அத்தை.