லாக்ரிமாவும் என் அம்மாவின் பரணியும்

இன்று சாயங்காலம் அமீரகத்தில், நாம் வேலை பார்த்த அதே புஜைரா ஹோட்டலில் ஒரு லாக்ரிமா பாட்டிலைத் திறந்தேன். ரோஜா வாசனை குப்பென்று ஏறியது. எரிச்சல் முதலில் வந்தது, உன் முகம் பிறகுதான் வந்தது. செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். போடா, நான் திட்டுவேன்.

இத்தாலியில் ஒரு சின்ன ஊரைச் சுற்றி விளையும் திராட்சை. அந்த ஒன்றை வைத்தே செய்கிற சிவப்பு ஒயின் இது. முதல் பெட்டி வந்தபோது நாம் இருவரும் சாதாரண வெயிட்டர்கள். ஸ்டோரில் முகர்ந்து பார்த்துவிட்டு உன்னிடம்தான் சொன்னேன்.

“லேய் மக்கா, எங்க அம்ம கிறிஸ்மசுக்கு பீங்கான் பரணியில ஒயினுக்கு திராட்சயும் கராம்பும் போட்டு துணி கட்டி வைப்பா. அவுக்கும்போ இதே மணம்தாம்ல. மேல ஒரு ரோஜாப்பூ வச்சா இதேதான்.”

“ஒயினுக்கு எதுக்கு மாப்ள ஒங்கம்மா?” என்று சிரித்தாய்.

மறுநாள் மேனேஜர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு கிளாஸ் நீட்டினார். வாசனையை நன்றாகச் சொல்கிறவனுக்கு ஒயின் பொறுப்பு. எனக்கு முன்னால் நீ. அம்மா, கிறிஸ்துமஸ், பரணி, கராம்பு, மேலே ஒரு ரோஜா என்று இங்கிலீஷில் அவிழ்த்துவிட்டாய். புதுக்கோட்டைப் பக்கம் கருப்பருக்குக் கிடா வெட்டுகிற வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் எப்போதடா வந்தது? மேனேஜர் கண்ணை மூடித் தலையாட்டினார். அடுத்து நான். அதையே சொன்னால் உன்னைக் காப்பியடித்தவன் ஆவேன். “நல்ல ஒயின் சார்” என்றேன். கலாஸ், முடிந்தது.

ரூமில் உன் சட்டையைப் பிடித்தேன். “வார்த்ததானே மாப்ள, அதுல ஒம் பேரா எழுதியிருக்கு?” என்றாய். அதற்கப்புறமும் வருஷக்கணக்காக ஒரே அடுக்குக் கட்டிலில் மேலே நீயும் கீழே நானும் படுத்தோம். ஒரு தடவை மன்னிப்புக் கேட்டாயா? லீவில் ஊருக்குப் போனாய், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். கேட்காமலே தப்பித்துவிட்டாய், பாவி.

இப்போது அந்தப் பொறுப்பு என்னிடம். இன்று ஒரு வயதான தம்பதிக்கு ஊற்றிக்கொண்டே, முதல்முறையாக விருந்தினரிடம் வாய்விட்டுச் சொன்னேன்: என் அம்மா, பரணி, கராம்பு, ரோஜா. அந்த அம்மாள் என் கையைத் தொட்டார். முன்பு இங்கிருந்தவரும் தன் அம்மாவைப் பற்றி இப்படித்தான் சொல்வார், அந்த மனிதர் இறந்துவிட்டாராமே, அவர் நினைவாக அவர் கதையையே சொல்கிறீர்களே, நல்ல நண்பர் நீங்கள் என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு.

“ஆமாம் மேடம்” என்றேன். என் அம்மாவை உன் அம்மா என்று ஒப்புக்கொண்டு, மீதி ஒயினையும் ஊற்றினேன்.