முட்டை வைத்த சோற்றுக்கிண்ணம்

நவம்பர் 9

இதை எடுத்தது யாராக இருந்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், படிக்காமல் மூடி அரிசிப் பானைக்குப் பின்னாலேயே வைத்துவிடுங்கள். யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக அம்மாவுக்கு.

வீட்டில் என்னவோ நடக்கிறது. கேட்க ஆளில்லை. அதனால்தான் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

இன்று சாயங்காலம் கியெம் சித்தப்பா வந்தார். தனியாக. அப்பாவும் அவரும் ஒரே படகில் தெற்கே கணவாய் மீன் பிடிக்கப் போனவர்கள். ஒருவர் மட்டும் பஸ்ஸில் திரும்பி வருவானேன்? வந்ததும் என் காதைத் திருகுவார், அதுதான் வழக்கம். இன்று என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா அவரைச் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு எதுவோ விழுந்து உடைந்தது.

வெளியே வந்து, "மோட்டார் ரிப்பேராம். அப்பா வர நாளாகும்" என்றாள். அவள் பாதம் முழுக்க மீன்சாறு. ஜாடியை உடைத்திருக்கிறாள். கால் கழுவக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

நவம்பர் 10

லுவா அக்காவின் கல்யாணம் தெத் புத்தாண்டுக்குப் பிறகு என்றுதான் பேச்சு. இப்போது வருகிற பத்தொன்பதாம் தேதியாம்!

"அடுத்த வருஷம் லுவாவுக்கு வயசு சரியில்லைன்னு ஜோசியர் சொல்லிட்டார்" என்கிறாள் அம்மா. எப்போது ஜோசியரைப் பார்த்தாள்? நேற்றிலிருந்து வாசல்படி தாண்டவில்லையே.

அக்கா கத்தினாள். "அப்பா இல்லாமயா? பொண்ணு கல்யாணத்தைவிட மோட்டார் பெருசாப் போச்சா அவருக்கு?"

அம்மா பாக்குக் குலையிலிருந்து காய்ந்த காம்புகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 12

சித்தப்பா இங்கேயே தங்கிவிட்டார். கிணற்றடியில் அவரும் அம்மாவும் குசுகுசுவென்று பேசுகிறார்கள். நான் வாளியோடு போனால் பேச்சு நின்றுவிடுகிறது. அப்பா ஊரில் இல்லாத நேரத்தில் இவர்கள்... சீ, என்ன புத்தி எனக்கு! ஆனாலும் அந்த நினைப்பு வருகிறது. என்ன செய்ய?

அப்பாவின் போட்டோவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சித்தப்பா டவுனுக்குக் கிளம்பினார். "எதுக்கு சித்தப்பா?" என்றேன். "அடையாள அட்டை புதுப்பிக்கணும், போடி அந்தப் பக்கம்." ஆள் இல்லாமலா?

நவம்பர் 13

மாப்பிள்ளையின் அம்மா வந்திருந்தார். அம்மா சிரித்தாள். பல் மட்டும்தான் சிரித்தது.

நவம்பர் 14

கதவைத் தாழிட்டுவிட்டு எழுதுகிறேன்.

பன்றிக்குத் தவிடு எடுக்கப் போனேன். மூட்டைக்குப் பின்னால் ஒரு கிண்ணம். குவித்த சோறு, மேலே உரித்த முட்டை, அதில் செங்குத்தாக நட்டுவைத்த இரண்டு சாப்பாட்டுக் குச்சிகள். பக்கத்தில் ஊதுவத்திச் சாம்பல்.

சின்னவளாக இருந்தபோது விளையாட்டாகச் சோற்றில் குச்சியை நட்டதற்கு அப்பா என் கையில் அடித்திருக்கிறார். "உயிரோட இருக்கிறவங்க சோத்துல இப்படி நிக்க வைக்கக் கூடாதுடி!" அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததே இல்லை.

அப்படியானால் இது யாருக்கு? அம்மாவும் சித்தப்பாவும் சேர்ந்து யாருக்காவது கெடுதல் செய்கிறார்களா? அப்பாவுக்கா? தாழ்ப்பாளை இரண்டு தடவை எழுந்து பார்த்துவிட்டேன்.

நவம்பர் 15

பள்ளிக்கூடத்தில் ஹான் என்னைச் சீண்டினாள். "உங்கக்காவுக்கு என்னடி இவ்ளோ அவசரம்? வயித்துல ஏதாவதா?" நறுக்கென்று கிள்ளினேன்.

"ஐயோ, விடுடி! அப்படின்னா எங்க மாமா கல்யாணம் மாதிரி இருக்கும். உள்ள தாத்தா செத்துக் கெடக்கார், போர்வையப் போத்தி வெச்சுட்டு, வெளிய எல்லாரும் விருந்து சாப்பிடறோம். பொண்ணு வந்து சேர்ந்தப்புறம்தான் அழவே ஆரம்பிச்சாங்க. துக்கத்துணியத் தலையில கட்டிட்டா மூணு வருஷம் கல்யாணம் கிடையாதுல்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

முட்டை. போட்டோ. மோட்டார்.

இல்லை. நான் நினைப்பது பொய்யாக இருக்கட்டும்.

நவம்பர் 16

கல்யாணத்துக்குச் செய்த இனிப்பு மாவுப் பலகாரத்தில் ஒன்றை அக்கா தனியாக எடுத்து என்னிடம் கொடுத்தாள். "இதை அப்பாவுக்கு வை. இல்ல, வேணாம், நீயே தின்னுடு. அவர் வரட்டும், ஒரு வார்த்தை பேசறேனா பாரு."

வாய்வரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால்? கல்யாணம் நிற்கும். தொவான் அத்தான் பட்டாளத்திலிருந்து திரும்பும்வரை காத்திருந்தவள், இன்னும் மூன்று வருஷமா? அவர் வீட்டில் பொறுப்பார்களா? சொல்லாவிட்டால் அப்பா மேல் இந்தக் கோபத்தோடேயே மணமேடைக்குப் போவாள். எது பாவம்?

பலகாரத்தைத் தின்னவில்லை. வாழையிலையோடு சுற்றி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 19

அழைத்துப்போக வந்தார்கள். சிவப்புத் துணி மூடிய தட்டுகள், வெற்றிலை, பாக்கு, பட்டாசுபோல வெடிக்கும் சிரிப்பு. புறப்படும் முன் அக்காவும் அத்தானும் முன்னோர் பீடத்தின் முன் குனிந்து கும்பிட்டார்கள். அப்போதுதான் பார்த்தேன். தாத்தா படத்துக்குப் பின்னால் புதுச் சட்டம் ஒன்றின் ஓரம். அம்மா பூஜாடியை நகர்த்தி அதை மறைத்தாள்.

அக்காவுக்குத் தெரியாது. ஆனால் அவள் கும்பிட்டது அப்பாவையும்தான்.

பிறகு அம்மா அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டு அத்தைகள் கேலி செய்தார்கள். "அடுத்த தெருவுக்குத்தானே போறா உம் பொண்ணு! என்னமோ கடல் தாண்டிப் போறாப்ல!" மாப்பிள்ளையின் அம்மா மட்டும், "விடுங்கம்மா, இன்னிக்காவது அழட்டும்" என்று சொல்லி அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

பெண்ணின் தாய் ஊர்வலத்தோடு போகும் வழக்கம் எங்களுக்கு இல்லை. நானும் பாதி வழியில் திரும்பிவிட்டேன். அம்மா தாத்தா படத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தக் கிண்ணத்தைப் பார்த்துட்டேன்."

அவள் திரும்பவில்லை. "எப்போ?"

"தவிடு எடுக்கப் போனப்போ."

"அக்காகிட்ட…?"

"சொல்லல."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "படகு கவுந்து, சித்தப்பா மட்டும்தான் நீந்திக் கரை சேர்ந்தான். உங்கப்பாவை அந்த ஊர்க்காரங்களே மணல் மேட்டுல அடக்கம் பண்ணிட்டாங்க. இவன் கூட நின்னு பாத்துட்டுத்தான் வந்தான். நான் இன்னும் போய்ப் பாக்கல மியென். போனா ஊருக்குத் தெரிஞ்சிடும்."

இந்த அம்மாவுக்குப் பயந்தா தாழ்ப்பாளைப் பார்த்தேன்?

நவம்பர் 21, இருட்டு இன்னும் பிரியவில்லை

இன்று அக்காவும் அத்தானும் மறுவீடு வருகிறார்கள். கோழியும் ஒட்டரிசிச் சோறும் கொண்டு வருவார்கள். வந்ததும் சொல்லியாக வேண்டும்.

அப்பா படம் முன்னால் வந்துவிட்டது. அதன் முன்னால் முட்டைச் சோறு, எல்லோரும் பார்க்கும்படி. பக்கத்தில் நான் எடுத்து வைத்த பலகாரம். ஓரம் காய்ந்துவிட்டது.

அம்மாவும் நானும் தலையில் கட்ட வெள்ளைத் துணி கிழித்தோம். கத்தரிக்கோல் வைக்கக் கூடாது, ஓரம் தைக்கவும் கூடாது. ஒரு முனை அவள் கையில், ஒரு முனை என் கையில்.

"என்னை ஏமாத்திட்டீங்களேன்னு அக்கா கேப்பா."

"கேக்கட்டும்" என்றாள் அம்மா. "திட்டட்டும். அப்பாவைத் திட்டாம இருந்தாப் போதும்."

சந்து முனையில் அக்காவின் சிரிப்பு கேட்கிறது. இவ்வளவு சீக்கிரமாகவா? அம்மா சட்டென்று துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பழக்கம். பிறகு தானே அதை முன்னால் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கதவைத் தட்டுகிறாள். "மியென்! அப்பா வந்துட்டாரா?" என்கிறாள். நான் போய்த் திறக்கிறேன்.