அப்பாவின் கால்

ஜூன் 9, திங்கள்

சோளகக் காற்று ஓயவில்லை. கொடியில் ஒரு துணி நிற்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியாயிற்று. நாளை யாழ். கிளினிக், இரத்த முடிவு. கொண்டுபோக: பழைய எக்ஸ்ரே, தண்ணீர்ப் போத்தல், குடை. அப்பாவும் வரவேண்டும். போனமுறை அவருடைய இரத்தமும் எடுத்தார்கள். ஏனென்று சொல்லவில்லை.

பின்னேரம் மாமி வந்தார், அப்பாவின் அக்கா. என் வளைந்த கால்களைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். நான் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து இதே பல்லவி.

"நீர் பிள்ளைக்குப் பாலும் ஒழுங்காக் குடுக்கேல்லை, வெயிலும் காட்டேல்லை. எங்கடை ஆக்களிலை ஆருக்கு இப்பிடிக் கால்?"

அம்மா தேத்தண்ணி ஆற்றினார். அப்பா பேப்பர் படித்தார்.

எனக்கென்றே மாடு வாங்கியவர் அம்மா. காலை வெயிலில் கிணற்றடியில் நிறுத்தி எண்ணெய் பூசியவர். அவ்வளவு பால் குடித்ததால் இன்றைக்கும் எனக்குப் பால் மணம் பிடிக்காது.

ஜூன் 10, செவ்வாய்

முதல் பஸ். சீற் கிடைத்தது.

டொக்டர் இளம் பெண். அப்பாவிடம், "ஐயா, வேட்டியைக் கொஞ்சம் தூக்குங்கோ." இரண்டு காலும் என்னுடையதைப் போலவே வளைந்தவை. சின்ன வயதில் பனையிலிருந்து விழுந்ததில் வளைந்ததாம், எங்களுக்குச் சொன்ன கதை. இரண்டு காலையும் ஒரே அளவாக வளைக்கிற பனை. நம்பினேனே.

"எலும்பே ஒரு ஹோர்மோன் விடுது. உங்கள் ரெண்டு பேருக்கும் அது அளவுக்கு மிஞ்சிக் கூட. கூடினால் கிட்னி பொஸ்பேற்றை மறிக்காமல் சலத்தோடை விட்டிடும். பிறகு எலும்பு எப்பிடி உரக்கும்? பாலாலையும் வெயிலாலையும் மாறுற விசயமில்லை."

தகப்பனிடமிருந்து மகள்மாருக்கு வரும், மகன்மாருக்கு வராது என்றார். தம்பியின் கால் நேர், பந்தடிக்கிறான்.

"அம்மாவிலை பிழை இருக்கோ?" கேட்டேன்.

"இல்லை. சின்னனிலை மருந்து தொடங்கியிருந்தால் இவ்வளவு வளைஞ்சிராது."

திரும்பும் பஸ்ஸில், பண்ணைப் பாலத்தில் அப்பா வாய் திறந்தார். "என்ரை அம்மாவுக்கும் இப்பிடித்தான் கால். நான் கட்டமுன்னமே அவ செத்திட்டா."

"மாமிக்குத் தெரியுமோ?"

"ஓம்." யன்னல் பக்கம் திரும்பி, "கொம்மாவுக்கு இப்ப சொல்லாதை பிள்ளை. வீட்டிலை சண்டை வேண்டாம்."

சண்டை இவ்வளவு நாளும் நடந்துகொண்டுதான் இருந்தது. அடி வாங்கியது அம்மா மட்டும். வேலணையில் வீட்டடிக்கு இறங்கும்வரை நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வெறுப்பாக இருக்கிறது. வேறு சொல் இல்லை.

ஜூன் 11, புதன்

மருந்து தொடக்கம். பொஸ்பேற், நாளுக்குப் பல தரம்.

குசினியில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்தியை வைத்துவிட்டு மாமியைப் பற்றிக் கேட்டார்.

"மச்சாளுக்கும் தெரியுமோ?"

"ஓம் அம்மா."

"என்னைக் கட்டமுன்னமே?"

"ஓம்."

மீனைக் கழுவிக் குழம்பு வைத்தார். உப்புப் புளி எல்லாம் சரியாகவே இருந்தது.

மத்தியானம் அப்பா வந்து கதிரையில் இருந்தார். அம்மா எனக்குச் சோறு போட்டார், தனக்குப் போட்டார், இருந்து சாப்பிடத் தொடங்கினார். அப்பாவுக்கு முன் அம்மா சாப்பிட்டு நான் கண்டதில்லை.

"எனக்கு?" என்றார் அப்பா.

"சட்டி குசினிக்கை இருக்கு. எழும்பி நடந்துபோய்ப் போடுங்கோ."

அப்பா எழும்பவில்லை.