ஆம்பளைதானே என்று கேட்டவனுக்கு

இன்று காலை ஒருவன் வீல் ஸ்பேனரைக் கைதவறித் தரையில் போட்டான். அந்தச் சத்தத்தில் ஷார்ஜாவின் இதே கராஜில் நீ ருஸ்தமை அடித்த நாள் கண்முன் வந்து நின்றது.

போருக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று ரஷ்யாவிலிருந்து தப்பி வந்தவன் நீ. எஞ்சின் வேலையில் உன்னை மிஞ்ச இங்கே ஆளில்லை. ருஸ்தம் உஸ்பெக்காரன், உன் முன்னோர் படையெடுத்துப் பிடித்து ஆண்ட மண்ணைச் சேர்ந்தவன். டீ குடிக்கும் நேரத்தில் விளையாட்டாகத்தான் கேட்டான்.

"சண்டைக்குப் பயந்து ஓடி வந்துட்டே. நீயெல்லாம் ஆம்பளையா?"

ஸ்பேனரால் அவன் வாயிலேயே அடித்தாய். விழுந்தவன்மேல் ஏறி உட்கார்ந்து மறுபடி மறுபடி அடித்தாய். பற்கள் சிமெண்டுத் தரையில் சிதறின. "கலாஸ்! போதும், விடுடா, செத்துருவான்!" என்று உன்னை இழுத்ததில் என் மணிக்கட்டும் ஒடிந்தது.

பிறகு ரத்தம் பிசுபிசுத்த கைகளைப் பார்த்தபடி சொன்னாய்: "வேற யாரு கேட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன், பாய். அவன் கேட்டுட்டான்."

ருஸ்தமின் நாட்டைப் பிடிக்கப் போன உன் வம்சத்தாரின் வாள் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறதாம். செச்சென்யாவில் சண்டையிட்டுத் திரும்பிய உன் அப்பா, எட்டு வயதில் உன்னை அதன்கீழ் நிறுத்தி பெல்ட்டால் அடிப்பாராம். "அடக்குறவன்தான் ஆம்பளை. இல்லேன்னா நீயும் அடங்கிக் கிடக்குற அவங்கள்ல ஒருத்தன்."

போலீசிடம் ருஸ்தம், தடுக்கி விழுந்ததாகச் சொன்னான். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்ததும், "மாஸ்கோவுல கட்டட வேலை சைட்லயும் இதான். உங்க ஆளுங்ககிட்ட அடி வாங்கிப் பழகிட்டேன்" என்றான். நீ வராந்தாவுக்கு ஓடி வாந்தி எடுத்தாய்.

அந்த வாரமே உன் அப்பா போனில் உன்னை ஓடுகாலி என்றார். படையில் சேர ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டாய். ஏர்போர்ட்டில் கேட்டாய்: "இனிமே அப்பா கதவைத் திறப்பாரு. நான் ஆம்பளைதானே, பாய்?"

"ஆமா" என்றேன்.

நான்காம் மாதம் உன் தங்கை ரஷ்ய மொழியில் செய்தி அனுப்பினாள். பல்லில்லாத வாயால் ருஸ்தம்தான் எனக்கு அதைப் படித்துச் சொன்னான். போர்முனையில் ஷெல் குண்டு விழுந்ததில், புதைக்க உன் ஒரு கை மட்டுமே கிடைத்ததாம். படித்து முடித்து அவன் அழுதான்.

போன வாரம் காயல்பட்டினத்திலிருந்து என் மகன் பேசினான். பள்ளிக்கூடத்தில் ஒருவன் அடிக்க வந்ததும் ஓடிவிட்டானாம். "நீயெல்லாம் ஆம்பளையா?" என்று கேட்டுவிட்டேன். போனை வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டு உன் கதையைச் சொன்னேன்.

முழுதும் கேட்டுவிட்டு, "அவருகிட்ட நீங்க ஏன் வாப்பா ஆமான்னு சொன்னீங்க?" என்றான்.