அம்மாவுக்கு இரண்டு கல்வெட்டு

6 மே 2025, செவ்வாய்

அம்மா போய் நாலு நாள்தான். அதற்குள் இரண்டு மரண அறிவித்தல். ஒன்று பெரியண்ணா தவராசா போட்டது, மற்றது தம்பி நிமலன் போட்டது. ஒரே அம்மா, ஒரே படம். கீழே இருக்கிற பெயர்கள்தான் முன்னுக்குப் பின். வேலைக்கு வந்து பார்மசி கவுண்டரில் நிற்கிறேன், மெல்பேர்னிலிருந்து மாமி போன் எடுக்கிறா. "எடி மலர், உங்கட வீட்டில ரெண்டு பேரோ செத்தவை?"

"ஒராள்தான் மாமி. அழுறதுக்குத்தான் ரெண்டு கோஷ்டி."

நேற்றுச் செத்தவீட்டிலும் அப்படித்தான். பெட்டிக்கு இந்தப் பக்கம் அண்ணா, அந்தப் பக்கம் தம்பி. நாலு வருடமாகக் கதை பேச்சு இல்லை. அம்மா ஏவன்டேலில் அண்ணாவோடு இருந்தா. படி ஏற முடியாமல் போனதும் தம்பி தன்னுடைய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அண்ணாவுக்கு அது கடத்தல். தம்பிக்கு அது காப்பாற்றினது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நான் போய் அம்மாவை மவுண்ட் ரோஸ்கில்லுக்கு, என்னிடம் கூட்டிவருவேன். அதற்கு ஒருவரும் ஒரு பெயரும் வைக்கவில்லை.

9 மே, வெள்ளி

வேலை முடிந்து பழக்கதோஷத்தில் தம்பி வீட்டுக்குப் போகிற மோட்டர்வேயில் ஏறிவிட்டேன். பாதி வழியில்தான் புத்தி வந்தது. குளியலறையில் அம்மாவின் சீயக்காய் டப்பா அப்படியே இருக்கிறது. எடுக்கவில்லை.

புரொபசர் வேலிக்கு அந்தப் பக்கம் மழைக்கோட்டோடு நின்றார். பக்கத்து வீட்டு மிலுட்டின் — சேர்பியாக்காரர், எண்பதை எட்டப்போகிற மனிதர், மகளோடு இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவும் அவரும் எங்கள் பின்பக்கப் பலகை டெக்கில் தேத்தண்ணி குடிப்பார்கள். அவருக்குத் தமிழ் இல்லை, அம்மாவுக்கு இங்கிலீஷ் இல்லை. என்றாலும் கதைக்குக் குறைவில்லை.

அந்தியேட்டியைப் பற்றிக் கேட்டார். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்கு ஒரு நினைவு மலர் கொடுப்போம், அதில் செத்தவருடைய வாழ்க்கை வரலாறு இருக்கும், எங்களாட்கள் அதைக் கல்வெட்டு என்பார்கள் என்று சொன்னேன். மனிதருக்குக் கண் விரிந்துவிட்டது. ஒவ்வொரு குடும்பமும் தன் வரலாற்றைத் தானே அச்சடிக்குமா? யார் எழுதுவது?

அதுதானே சண்டை. தான் எழுதினால்தான் அடிக்கலாம் என்று அண்ணா நிற்கிறார். அம்மா தன் வீட்டில்தான் கண்மூடினா, தன் பெயர் முதலில் வராவிட்டால் வேறு மண்டபம் பிடிப்பேன் என்று தம்பி நிற்கிறான்.

"நான் எழுதித் தருகிறேன்," என்றார் புரொபசர்.

வெளியாள் எழுதினால் ஒருவருக்கும் குறையில்லை, இங்கிலீஷில் எழுதினால் தமிழில் நான் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து ஓம் என்றேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஜூன் முதலாம் தேதி இரண்டு பேரும் ஒரே மண்டபத்தில், அம்மாவின் படத்துக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவேண்டும். கதைக்கக்கூட வேண்டாம். நின்றால் போதும்.

11 மே, ஞாயிறு

அன்னையர் தினமாம். கவுண்டரில் நின்று வந்தவர் போனவருக்கெல்லாம் வாழ்த்துச் சொன்னேன்.

14 மே, புதன்

என்னைச் சொல்ல வேண்டும். வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டினேன்.

புரொபசர் பெல்கிரேடில் இடைக்கால வரலாறு படிப்பித்தவர். ஏதோ ஒரு ராஜா மடத்துக்குக் கொடுத்த சாசனம் பொய்ச் சாசனம் என்று காட்டித் தடித்த புத்தகம் எழுதியவர். அப்படிப்பட்ட மனிதரிடம் போய் அம்மாவின் கதையைக் கொடுத்தேனே! எதற்கெடுத்தாலும் ஆதாரம் எங்கே, ஆதாரம் எங்கே. பாஸ்போர்ட்டில் ஒரு பிறந்த வருடம், சாதகத்தில் ஒரு வருடம். "எது உண்மை?" ஐயா, அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் சேர்க்கும்போது வாத்தியார் வாயில் வந்ததுதான் வருடம். விளங்கினால்தானே.

அதோடு விட்டாரா? அண்ணாவுக்குப் போன். பதினொரு வருடம் அம்மா உங்களோடு இருந்தார் என்கிறீர்கள், பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளைப் பார்த்தால் இடையில் இரண்டு வருடம் கனடாவில் நின்றிருக்கிறாரே? பிறகு தம்பிக்குப் போன். முழு நேரமும் நீங்கள்தான் பார்த்தீர்கள் என்கிறீர்கள், பகலில் வந்து பார்த்தது ஏதோ பராமரிப்பு ஏஜென்சியின் ஆள் இல்லையா?

"ஆரடி அந்த வெள்ளைக்கார சி.ஐ.டி.?" — அண்ணா.

"அக்கா, நீ அண்ணாட பக்கம் எண்டு எனக்கு எப்பவோ தெரியும்." — தம்பி.

நான் எந்தப் பக்கமும் இல்லையடா! எனக்குத் தலையிடி, அதுதான் என்னுடைய பக்கம். என் மனுசன் ஜெயரட்ணத்திடம் சொன்னால், "நான் வெளியாள், எனக்கென்ன தெரியும்" என்று டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.

19 மே, திங்கள்

அதிசயம். காலையில் அண்ணா சந்தோசமாகப் போன் எடுத்தார். புரொபசர் நேற்று ஏவன்டேல் சந்தைக்கு வந்தாராம், தானே கூட்டிக்கொண்டு திரிந்து கத்தரிக்காய் வாங்கிக் கொடுத்தாராம். "நல்ல மனுசன் மலர். மந்திரியா இருந்தவராம், தெரியுமோ? என்ட பேர்தான் முதல் எண்டு சொல்லிப்போட்டார்."

அப்பாடா என்று இருந்தேன். பின்னேரம் தம்பி போன். புரொபசர் பஸ் ஏறி, விரி என்கிற இடத்தில் இவன் வேலை செய்கிற கிடங்குக்கே வந்தாராம், கன்டீனில் இருத்தி இறைச்சிப் 'பை' ஒன்று தின்ன வாங்கிக் கொடுத்தானாம். "மனுசன் எண்டால் அதுதான் மனுசன். நிமலன், உன்ர பேர்தான் முதல் எண்டார்."

ஐயோ! இரண்டு பேருக்கும்!

செருப்புக்கூடப் போடாமல் வேலியடிக்கு ஓடினேன். என்னண்டு இரண்டு பேருக்கும் ஒரே வாக்கைக் கொடுத்தீர்கள்?

சிரிக்கிறார். தொண்ணூறுகளில் ஒரு ஊர்வலத்தில் யாரோ கையில் மைக்கைக் கொடுத்தார்களாம், அதற்குப் பிறகு பல வருடம் அதைக் கீழே வைக்கவில்லையாம். பல்கலைக்கழகத்தில் வேலை போனது, பிறகு ஆட்சி மாறியது, எம்.பி., பிரதி மந்திரி. "தேர்தலுக்கு முன்னால் எல்லாரும் எல்லாருக்கும் சொல்வதுதான்."

"இங்க தேர்தல் இல்லை புரொபசர், அந்தியேட்டி!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவருக்கு விளங்கியது என்றுதான் நினைக்கிறேன். முகம் கொஞ்சம் வாடிப்போனது.

மந்திரிமாரோடு சகவாசம் வைத்து எங்கள் ஊரில் யார் உருப்பட்டது?

22 மே, வியாழன்

புரொபசர் தானே வந்தார், கையில் மகள் சுட்ட ஏதோ சீஸ் பணியாரம். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது போலிருக்கிறது. அரசியலுக்குப் பிறகு தூதராக இருந்தாராம் — இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

இரண்டு நாடுகள் ஒப்பந்தம் எழுதினால் யார் பெயர் முதலில் என்பது எப்போதும் சண்டையாம். அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறதாம். இரண்டு பிரதி எழுதுவார்கள். ஒவ்வொரு நாடும் வைத்திருக்கிற பிரதியில் அந்த நாட்டின் பெயர் முதலில். உள்ளே எல்லாம் ஒன்றுதான். இரண்டும் உண்மை, இரண்டும் செல்லும்.

"அண்ணாவின் ஆட்களுக்கு அண்ணாவின் பெயர் முதலில். தம்பியின் ஆட்களுக்குத் தம்பியின் பெயர். ஆனால் இரண்டு பேருக்கும் முதலே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒளித்தால் அது ஒப்பந்தம் இல்லை, ஏமாற்று."

அவருக்கென்ன, சொல்வார். எங்கள் வீட்டில் ஒன்றைச் சொல்லிவிட்டுச் செய்தால் அது நடக்குமா?

பகிடியாகத்தான் கேட்டேன், நடுவில் நின்று மாரடிக்கிற எனக்கு எந்தப் பிரதி என்று.

"மத்தியஸ்தருக்குப் பிரதி கிடையாது. ஒரு தேத்தண்ணி கிடைக்கும். அதுவும் ஆறினது."

24 மே, சனி

சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தனித்தனியாக அவரவர் பெயர் முதலில் வருகிற பக்கத்தை மட்டும் போனில் அனுப்பினேன். இரண்டு பேரும் கட்டைவிரலை நிமிர்த்தி அனுப்பினார்கள். பக்கம் அமைத்துத் தருகிற வித்தியா சிரித்துச் சிரித்து அழுதுவிட்டாள். "அக்கா, ஒரு செத்தவீட்டுக்கு ரெண்டு கல்வெட்டு நான் இதுவரைக்கும் செய்யேல்லை."

இரண்டிலும் நான் மூன்றாவது. மூத்த மகன், இளைய மகன், மகள். அல்லது இளைய மகன், மூத்த மகன், மகள். அது மாறவே இல்லை. நானே சரிபார்த்து நானே ஓம் என்று அனுப்பினேன்.

31 மே, சனி

கல்வெட்டுப் பெட்டிகள் வந்துவிட்டன. அண்ணாவுக்கு நீல டேப், தம்பிக்குச் சிவப்பு டேப். எந்தப் பெட்டியை எந்த மேசையில் வைப்பது என்று ஜெயரட்ணத்துக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். "ஓமப்பா, ஓம்" என்கிறார், டிவியைப் பார்த்துக்கொண்டு.

1 ஜூன், ஞாயிறு

கோபமா அழுகையா தெரியவில்லை. எழுதிவிட்டால் படுக்கலாம்.

இரண்டு பேரும் வந்தார்கள். அதுவரைக்கும் சந்தோசம். மண்டபத்தின் இந்த மூலையில் ஒரு கூட்டம், அந்த மூலையில் ஒரு கூட்டம். நான் குசினியில் சோற்றோடு நிற்கிறேன். என் அருமை மனுசன் வாசலில் ஒரே ஒரு மேசையைப் போட்டு, இரண்டு பெட்டியையும் பிரித்து, நீலமும் சிவப்பும் கலந்து வடிவாக அடுக்கி வைத்திருக்கிறார். "ஒழுங்கா இருக்கட்டும் எண்டு."

பத்து நிமிடம் போயிருக்காது. யாரோ பெயர்களைச் சத்தமாக வாசித்தார்கள். பக்கத்தில் இருந்தவர், இல்லையே, என்னிடம் வேறு மாதிரி இருக்கிறதே என்றார். பிறகு எல்லாரும் கல்வெட்டைப் பக்கத்து ஆளுடையதோடு வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சனத்துக்குள்ளால் இரண்டு பேர் குசினிக்கு வருகிறார்கள் — ஒரே நேரத்தில், ஒரே கதவால்.

"இது ஆரின்ர வேலை?" அண்ணா.

"உவதான். வேற ஆர்?" தம்பி, என்னைக் காட்டி.

"சனத்துக்கு முன்னால எங்களை விசரராக்கிப்போட்டாய் மலர்."

"அண்ணா சொல்றது சரி. சின்னனிலயிருந்தே உனக்கு இந்தக் கள்ளக் குணம்."

"கேட்டியே? அவனும் சொல்றான்."

அவனும் சொல்றான்! நாலு வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றைப் பற்றி ஒத்துப்போயிருக்கிறார்கள். அது நான் கள்ளி என்பதைப் பற்றி. ஒருவர் மூச்சு வாங்க மற்றவர் தொடர்ந்தார். கடைசியில் ஐயர் கூப்பிட, என்னை ஏசிக்கொண்டே போய் அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்றார்கள். பக்கத்தில் பக்கத்தில். தோளோடு தோள் முட்ட.

நான் கேட்டது அதுதானே? கிடைத்ததுதானே? பிறகு ஏன் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் நின்று அழுதேன்? எனக்கும் அம்மா இல்லையா? அந்தப் படத்துக்கு முன்னால் எனக்கு ஒரு இடம் இல்லையா? ஒருவரும், மலர் எங்கே, வரச்சொல்லு என்று கேட்கவில்லை. பொன்னான கல்வெட்டு! கண்டறியாத கல்வெட்டு!

2 ஜூன், திங்கள்

அரசரின் பிறந்தநாள் லீவு. கடை இல்லை. அண்ணாவின் அண்டா பானைகளைத் தம்பி தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினானாம். அங்கேயே சாப்பிட்டானாம். அண்ணி சொன்னா.

புரொபசரிடம் போய்ச் சண்டைபிடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து எறியலாம் போல் இருந்தது.

பிறகு சொன்னார். தூதராக இருந்தபோது எல்லை ஆற்றில் ஒரு பாலம். அதற்கு யார் பெயர் வைப்பது என்று இரண்டு கரைக்கும் சண்டை. இவர் அங்கும் இங்கும் அலைந்து தீர்த்துவைத்தார். தீர்ந்த கிழமையே இரண்டு கரையும் சேர்ந்து இவர் மீது ஒரு முறைப்பாடு அனுப்பின. ஒன்றாகச் சேர்ந்து எழுதிய முதல் கடிதம் அதுதானாம். பெல்கிரேட் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டது, வேலை முடிந்தது. பாலத் திறப்புவிழாவுக்கு அழைப்புக்கூட இல்லை.

"போகவேண்டும் போல் இருந்ததா?" என்று கேட்டேன்.

"மிகவும்," என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. சமாதானம் வந்தது, அது போதும் என்று ஆட்கள் சொன்னார்களாம். போதவில்லையாம்.

6 ஜூன், வெள்ளி

வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வந்தேன். மோட்டர்வேப் பக்கம் திரும்பவில்லை. அண்ணாவின் போன், பின்னால் தம்பியின் குரல். இரண்டு பேரும் ஒரே காரில். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம், கறிக்குக் கணவாய் மீன் வாங்கி வைக்கட்டாம். ஏசினதற்கு ஒரு மன்னிப்பு? மூச்சும் இல்லை.

புரொபசர் டெக்கில் இருந்தார், வழக்கமான கதிரையில். ஒரு கல்வெட்டை நீட்டினார். எனக்கு வந்த கோபம்! இன்னும் எத்தனையை ஐயா நான் பார்க்கிறது? வீட்டில் அரைப் பெட்டி கிடக்கிறது என்றேன்.

"திறந்து பாருங்கள்."

அன்னாரின் பாசமிகு மகள் வசந்தமலர். அதற்குப் பிறகுதான் தவராசா, நிமலன். வித்தியாவைப் பிடித்துத் தமிழில் செய்வித்திருக்கிறார். ஒரே ஒரு பிரதி.

வரலாற்றின் கடைசியில் மற்ற இரண்டிலும் இல்லாத ஒரு வரி: "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மகள் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, தலை முழுக வார்த்து, டெக்கில் வெயிலில் இருத்தித் தலைமயிரை உலர்த்திப் பின்னிவிடுவார்." வரிக்கு மேலே சின்னதாக ஒன்று என்று இலக்கம். பக்கத்தின் அடியில்: "1. நேரில் கண்டவர், பக்கத்து வீட்டு மிலுட்டின்."

எழுத்து மங்கிப்போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தேன்.

மத்தியஸ்தருக்குப் பிரதி கிடையாது என்றீர்களே என்று கேட்டேன்.

"அது தூதர் சொன்னது. இதை அடித்தது சரித்திர வாத்தியார்."

தேத்தண்ணி போட்டு வந்தேன், இரண்டு கோப்பை. அம்மாவின் கதிரையில் நான் இருந்துகொண்டு, சூடாகவே குடித்தேன்.