கீழே போன புள்ளி

மார்ச் 3

அக்கா மகள் போனில் கெஞ்சினாள். கண் அசைவை வரைபடமாக்கி, அதிலிருந்து மூளை வியாதிகளைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி அவளுடையது. நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயே இல்லாதவர்களும் தேவையாம்.

"அம்பத்தெட்டு வயசுல முழு ஆரோக்கியமா ஒரு ஆள் வேணும் மாமா."

பூமண்டலத்தையே சலித்து என்னைக் கண்டெடுத்திருக்கிறாள். முப்பது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன். என் பார்வை பட்டால் சிவப்பு விளக்கே பயந்து பச்சையாகும். பெருந்தன்மையுடன் சம்மதித்தேன்.

மார்ச் 5

தாடையை ஒரு தாங்கியில் வைத்து, திரையில் குதிக்கும் புள்ளியைக் கண்ணால் பிடிக்க வேண்டும். கேமரா வேவு பார்க்கிறது. அரை மணி நேரம் அடங்கி உட்கார நானென்ன சிலையா? புள்ளி இடப்பக்கம் போனால் வலப்பக்கம் பார்த்தேன். கண்ணாலேயே கையெழுத்தும் போட்டேன். வரைபடத்தில் நிலநடுக்கம்.

"மிஷின்கிட்ட கூடவா உங்க சேட்டை? அடுத்த வாரம் ஒழுங்கா வந்து உக்காருங்க."

மார்ச் 12

உட்கார்ந்தேன், முற்றும் துறந்த முனிவர் போல. இடம், வலம், மேல் என்று எல்லாவற்றையும் பிடித்தேன். கீழே போன புள்ளியிடம் மட்டும் என் கண் மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தது.

"மறுபடியுமா மாமா? வேணும்னே கீழ மெதுவா பாக்குறீங்க! இதையும் தூக்கிப் போடணும்."

சிரித்து வைத்தேன்.

மார்ச் 13

நேற்று நான் சேட்டை செய்யவில்லை.

மார்ச் 16

பணிமனைப் படியில் இறங்கும்போது கீழ்ப்படி கண்ணில் சிக்காமல் கால் தவறியது. இந்த மாதம் மூன்றாவது முறை.

"என்னண்ணே, காலைலயே மிதக்குறீங்க?" என்றான் மெக்கானிக். பூமியின் ஆழத்தை அளக்கிறேன் என்றேன்.

அக்கா மகளிடம் சொன்னால் ஸ்டீயரிங் போய்விடும். சொல்லாவிட்டால்? என் முதுகுக்குப் பின்னால் ஐம்பது பேர். அதில் ஒரு நர்ஸ் தினமும் ஏறியதும் தூங்கிவிடுவாள் — என்னை நம்பி. என்னடா செய்யப் போகிறாய்?

மார்ச் 17

வண்டி எடுக்கவில்லை. விடுப்பு சொல்லிவிட்டு அக்கா மகளுக்குப் போன் போட்டேன்.

"அன்னிக்கு நான் விளையாடலம்மா."

"இது என்ன புது விளையாட்டு மாமா?"

"இல்லடி. சத்தியமா இல்ல."

போனை வைக்காமலே அன்றைய வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கண்ணு குதிக்கிற வேகத்த யாராலயும் வேணும்னே குறைக்க முடியாது மாமா. என் ஆராய்ச்சிக்கே அதுதான் அடிப்படை. வேற யாரா இருந்தாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பேன். நீங்கன்னதும் திட்டிட்டேன்."

அழுதாள். வாய் நிறையப் புளுகுகிறவனுக்கு வயிற்றுவலி வந்தால் யார் நம்புவார்கள், விடு என்றேன்.

மார்ச் 24

நரம்பு டாக்டர் சுருக்கமாகப் பேசுகிறவர். வியாதிக்குப் பெயர் வைக்க ஆறு மாதம் பார்க்க வேண்டுமாம். வண்டியை மட்டும் இன்றோடு நிறுத்த வேண்டுமாம்.

ஏப்ரல் 20

பேருந்து நிலையத்தின் அறிவிப்பு அறையில் இன்று பதவியேற்றேன். கையில் மைக்! "மாண்புமிகு பயணிகளே, மூன்றாவது மேடையில் நிற்கும் தங்கத் தேரில் ஏறி அருளுங்கள்" என்றேன். மேலாளர் ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். நிலையமே சிரித்தது.

ஐந்தே முக்காலுக்கு நான் ஓட்டிய வண்டி கிளம்பியது. அதற்குத் தட எண், நேரம் மட்டும் சொல்லி, மைக்கை அணைத்துவிட்டேன்.