இழுத்து நிற்கும் பிரேக் குழாய்

வெள்ளிக்கிழமை, இரவு.

மகன் ஜீப்பைப் பட்டறையில் விட்டு, மலையேற வசதியாக நாலு அங்குலம் உயர்த்திக் கொண்டுவந்தான். பூசை போட்டு, முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தேன். சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய் கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. வண்டி உயர்ந்துவிட்டது, குழாயின் நீளம் பழையபடியேதான்.

"சாமி, இது அத்துப்போயிராதா?" என்று மகனைக் கேட்டேன்.

"பழம் வெக்கச் சொன்னா மெக்கானிக் வேலை பாக்கறயேம்மா!"

அவங்கப்பாவும் சேர்ந்து சிரித்தார். பழத்தின் மேல் ஏற்றிவிட்டால் முருகன் பார்த்துக்கொள்வான் என்றார். அந்தக் குழாயை என் கண்ணில் பட வைத்ததே முருகன்தான் என்று எனக்குப் படுகிறது.

விடிந்ததும் மகன் கொல்லிமலைக்குக் கிளம்புகிறான். அத்தனை கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது குழாய் அறுந்து பிரேக் பிடிக்காவிட்டால்?

சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். குழாயை மாற்றும்வரை தரமாட்டேன். கத்தட்டும்.

ஜீப்புக்கு இன்னொரு சாவி உண்டா? அதைக் கேட்காமல் விட்டுவிட்டேனே.